கூட்டு வியாபாரமும் பதிவுச் சீட்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

வியாபாரிச் சகோதரர்களே! 

குர்ஆன் ஷரீபில் ஆக நீளமான ஆயத்து எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பகரா சூராவின் 282 ஆவது ஆயத்து என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த ஆயத்து தொழுகையைப் பற்றியதன்று. நோன்பையோ ஹஜ்ஜையோ பற்றியதுமன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. தவணைக் கடன் என்றால் எழுதிக்கொள்ளவேண்டும், எழுதுகிறவர் நீதமாக எழுதவேண்டும், சாட்சி வைக்கவேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சடையக்கூடாது, எழுதியவரையும் சாட்சியையும் துன்புறுத்தக்கூடாது. இத்தனையும் ஒரே ஆயத்தில் வருகின்றன. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டும் எழுத்திலிருந்து விலக்கு உண்டு. அடியார்கள் வியாபாரத்தில் எங்கே வழுக்கி விழுவார்கள் என்பதைப் படைத்தவன் அறியாமலா இவ்வளவு விவரமாகச் சொன்னான்?

இந்த ஆயத்தில் பாதியை நம்மவர்கள் நன்றாகவே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் மளிகைக் கடை வைத்தவர்களின் மேசையில் 555 நோட்டுக் கட்டு இல்லாமல் இராது. பால்மரம் வெட்டும் குடும்பம் வாங்கிப்போன இரண்டு டின் பாலும் ஒரு கட்டி சவர்க்காரமும் தேதி போட்டு எழுதப்பட்டிருக்கும். சம்பளத்தன்று கணக்குத் தீரும். ஆனால் அதே கடையில், சொந்தத் தம்பி ஊரில் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து போட்ட 20,000 வெள்ளிக்கு ஒரு வரி எழுத்து இராது. கேட்டால், "நமக்குள் எதற்குத் தம்பி பத்திரம்?" என்பார்கள். இரண்டு டின் பாலுக்கு எழுத்து வேண்டும், இருபதினாயிரம் வெள்ளிக்கு வேண்டாம் என்பது எந்தக் கணக்கு என்று நமக்கு விளங்கவில்லை.

அந்த ஆயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வாசகத்தைச் சொல்லவேண்டியவர் கொடுத்தவர் அல்லர். யார் மீது ஹக்கு இருக்கிறதோ, அதாவது யார் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவரோ, அவர் சொல்லவேண்டும். அல்லாஹ்வை அஞ்சி, அதில் எதையும் குறைக்காமல் சொல்லவேண்டும். கொடுத்தவர் சொன்னால் அது கோரிக்கை. வாங்கியவர் சொன்னால் அது ஒப்புதல். இதைக் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, பேங்குக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கையில்தான் மற்றவர்களின் ஹக்கு இருக்கிறது. ஆகவே பத்திரம் எழுதும்படி தம்பி கேட்டு நிற்கவேண்டியதில்லை. காக்காவே கூப்பிட்டு உட்காரவைத்து எழுதித் தரவேண்டும். தம்பி வாய்திறந்து கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற நம் குடும்பங்களுக்கு இந்த முறைதான் பொருத்தமானதும் ஆகும்.

எழுத்தில்லாத வழக்கம் எப்படி வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். நம் மூத்தோர் சபர் வந்த காலத்தில் பங்காளிகளுள் ஒருவர் ஊருக்குப் போக, மற்றவர் கடையைப் பார்ப்பார். அவர் திரும்பியதும் இவர் போவார். இருவரையும் அறிந்த நாலு பெரியவர்கள் ஜமாஅத்தில் இருப்பார்கள். வாய்வார்த்தை போதுமாக இருந்தது. பிறகு 1956 இல் வியாபாரப் பதிவுச் சட்டம் வந்தது. 1957 இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1968 இல், குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு நீல அடையாளக் கார்டு, இன்னொருவருக்குச் சிவப்பு, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்று ஆயிற்று. நீலக் கார்டு உள்ளவர் பெயரில் கடையைப் பதிந்தார்கள். அன்றைக்கு அது நிர்ப்பந்தம். அந்த நிர்ப்பந்தம் இல்லாத வீடுகளிலும் இன்றைக்கு அதே பழக்கம் தொடர்வதுதான் வருத்தம்.

மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஒரு ஜவுளிக் கடை வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு மூத்தவர் பெயரில் மட்டும். இருபது வருஷம் கடை பரக்கத்தாக நடக்கிறது. மூத்தவர் மௌத்தாகிவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் கடை முழுவதும் அவருடைய சொத்து. ஷரீஅத்துக் கோர்ட்டார் ஃபராயிள் பத்திரம் கொடுக்கும்போது மனைவி, மக்கள், பெற்றோர் என்று வாரிசுகளை எண்ணிப் பங்கு சொல்வார்கள். ஆண்மகன் இருந்தால் சகோதரர்களுக்கு ஃபராயிளில் பங்கே கிடையாது. அவர்கள் போட்ட முதல் வாரிசுச் சொத்தே அன்று. பங்கு பிரிப்பதற்கு முன்பே தனியே எடுத்துவைக்கவேண்டிய ஹக்கு அது. கடனையும் வஸிய்யத்தையும் தீர்த்த பிறகே வாரிசுப் பங்கு என்பது நிஸா சூராவில் தெளிவாக இருக்கிறது. ஆனால் எதைக் காட்டி எடுத்துவைப்பது? விதவை அநியாயக்காரி அல்லள். கணவர் அவளிடம் சொன்னதில்லை. தம்பிமாரும் பொய்யர்கள் அல்லர். அவர்களிடம் சீட்டு இல்லை. சாட்சி சொல்லவேண்டிய பெரியவர்கள் கபுரில் இருக்கிறார்கள். நல்லவர்களாகவே இருந்த இரண்டு குடும்பங்கள் ஒருவரை ஒருவர் கொள்ளைக்காரர் என்று ஏசிக்கொண்டு பள்ளிவாசல் படியில் பேசாமல் பிரிந்து நடக்கும் காட்சியைப் பார்க்காத ஜமாஅத்து இந்நாட்டில் உண்டா?

கூட்டு வியாபாரமே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்பு ஸாயிப் என்பவருடன் கூட்டாக வியாபாரம் செய்திருக்கிறார்கள். பின்னாளில் அந்த ஸாயிபே, பூசல் செய்யாத, வீண் வாதம் பேசாத பங்காளியாக நாயகம் அவர்கள் இருந்ததைச் சாட்சி சொன்னார். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு நாயகம் அவர்கள் ஷாம் தேசம் சென்றதும் நாம் அறிந்ததே: முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது. இரண்டு பங்காளிகளில் எவரும் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை அவர்களுடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. மறுபக்கம், தாவூத் நபி (அலை) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தவர்களின் கதையும் ஸாத் சூராவில் இருக்கிறது. 99 ஆடு உடையவன் சகோதரனுடைய ஒற்றை ஆட்டையும் கேட்டான். பங்காளிகளில் அநேகர் ஒருவர் மீது ஒருவர் வரம்பு மீறுகிறார்கள், மீறாதவர்கள் குறைவு என்று அங்கே சொல்லப்படுகிறது. ஆக, பரக்கத்தும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான்.

இந்நாட்டில் கம்பெனிக்கு மலாய் மொழியில் ஷரிகாட் என்று பெயர். கிதாபுகளில் ஓதிய ஷிர்க்கத் என்னும் அரபுச் சொல்தான் அது. கூட்டு வியாபாரத்துக்கு பெர்கொங்சியான் என்பது சீனரின் கொங்சியிலிருந்து வந்தது. அரபியும் சீனனும் வந்து விட்டுப்போன சொற்களை வைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் கடை நடத்துகிறோம்.

நிற்க. வியாபாரத்தைப் பதியும் இடம் எஸ்.எஸ்.எம். என்று சொல்லப்படும் நிறுவன ஆணையம். 2002 ஆம் ஆண்டு, கம்பெனிப் பதிவு ஆபீசையும் வியாபாரப் பதிவு ஆபீசையும் ஒன்றாக்கி இதை ஏற்படுத்தினார்கள். புதிதாகக் கடை திறப்பவர் திறந்த 30 நாளைக்குள் பதியவேண்டும். தன் சொந்தப் பெயரிலேயே கடை வைத்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி. கடைக்கு வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. கிளை ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி. பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 60 வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய் இதில் மாட்டுவானேன்? இது தவிர, கடை நடத்தும் இடத்துக்கான லைசென்ஸ் சிரம்பான் மாநகர் மன்றத்தில் வாங்கவேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சிலர் நினைப்பது சரியல்ல.

கட்டணமும் பாரமும் சின்ன விஷயம். எந்த உருவத்தில் பதிவது என்பதுதான் பெரிய விஷயம். ஏனென்றால் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, நஷ்டம் வந்தால் அதை யார் தலையில் சுமப்பது என்பதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

தனி ஆள் வியாபாரத்தில் குழப்பமில்லை. முதலும் அவருடையது, லாபமும் அவருடையது, கடனும் அவருடையது. கடைக் கடனுக்கு வீட்டையும் கேட்பார்கள். உண்மையிலேயே தனி ஆளாக இருந்தால் இதைவிட எளிது வேறில்லை.

இரண்டு பேர் முதல் 20 பேர் வரை சேர்ந்து பதியும் கூட்டில்தான் நம்மவர் அதிகம் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. இந்நாட்டுக் கூட்டு வியாபாரச் சட்டம் 1961 ஆம் ஆண்டினது. பங்காளிகள் தமக்குள் வேறு விதமாகப் பேசி முடிவு செய்யாவிட்டால், லாபமும் நஷ்டமும் சரிசமம் என்று அந்தச் சட்டம் வைத்துக்கொள்ளும். யார் எவ்வளவு முதல் போட்டார் என்று பார்ப்பதில்லை. நம் ஃபிக்ஹு அப்படியன்று. ஷாஃபியீ மத்ஹபில் லாபமும் நஷ்டமும் முதலின் அளவுப்படியே. அதற்கு மாறாக ஷரத்துச் செய்தால் ஒப்பந்தமே செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் லாபத்தைப் பேசியபடி கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். நஷ்டம் மட்டும் முதலின் அளவுப்படிதான். நஷ்டத்தில் இரு மத்ஹபும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 60,000 வெள்ளியும் மற்றவர் 20,000 வெள்ளியும் போட்டார்கள். 16,000 வெள்ளி நஷ்டம். ஷரீஅத்துப்படி முதலாமவர் 12,000 தாங்கவேண்டும், மற்றவர் 4,000. பேச்சும் எழுத்தும் இல்லாத இடத்தில் சட்டப்படி ஆளுக்கு 8,000. சிறிய முதல் போட்டவர் தலையில் 4,000 வெள்ளி அநியாயமாக ஏறுகிறது. லாபம் 16,000 வந்தால் அதே 4,000 அவருக்குத் தவறுதலாகப் போய்ச் சேர்கிறது; அதை அவர் வாங்கிச் சாப்பிடுவது ஹலால்தானா என்று ஆலிம்களிடம் கேட்கவேண்டிய நிலை வருகிறது. அந்தக் கேள்வியே எழாமல் தடுக்க ஒரு தாள் போதும்.

இன்னும் இரண்டு செய்திகள் அதே சட்டத்தில் உண்டு. பங்காளி கடையில் உட்கார்ந்து எவ்வளவு பாடுபட்டாலும், ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அவருக்குச் சம்பளம் கிடையாது. ஊரில் இருக்கும் பங்காளியும் காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும் பங்காளியும் ஒன்றே. இரண்டாவது, ஒரு பங்காளி ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் கடைக்காகக் கைப்பணம் போட்டால், வேறு ஷரத்து இல்லாதபோது, அந்தத் தொகைக்கு வருஷ வட்டி பெற அவருக்கு உரிமை உண்டு. நன்றாகக் கவனியுங்கள் சகோதரர்களே! வட்டி வாங்குவதில்லை என்று ஹலாலாக நடக்கிற நாம், பத்திரம் எழுதாமல் சும்மா இருந்துவிட்டதால் நம் கடைக்குள்ளேயே வட்டி ஒரு உரிமையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடுதலாகப் போடும் பணம் கர்ளு ஹஸனா என்றோ, முதலுடன் சேரும் என்றோ ஒரு வரி எழுதிவிட்டால் அதற்கு இடமில்லை.

சரி, பத்திரம் எழுதிவிட்டோம், நஷ்டம் முதலின் அளவுப்படி என்றும் போட்டுவிட்டோம். அந்தப் பத்திரம் நமக்குள் கட்டும்; சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரியைக் கட்டாது. கூட்டின் கடனுக்குப் பங்காளிகள் எல்லோரும் பொறுப்பாளிகள். நாலில் ஒரு பங்குக்காரரிடம்கூட முழுக் கடனையும் கேட்டு வரலாம். அவர் கட்டிவிட்டு மற்றவரிடம் தன் பங்கைக் கேட்டு அலையவேண்டியதுதான்.

இங்கேதான் உழைப்பாளிப் பங்காளி அகப்பட்டுக்கொள்கிறார். ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு என்ற முளாரபாவில் (ஷாஃபியீ கிதாபுகளில் கிராள் என்று வரும்) நஷ்டம் முழுவதும் முதல் போட்டவருடையது. உழைத்தவருக்கு உழைப்பு வீணானதே நஷ்டம். மோசடியோ அசட்டையோ ஷரத்து மீறலோ செய்திருந்தால் மட்டுமே அவர் பணம் கொடுக்கவேண்டும். ஆனால் அதே உழைப்பாளியைப் பங்காளி என்று எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துவிட்டால், முதல் போட்டவர் ஊருக்குப் போய்விட்ட நாளில் மொத்தக் கடைக்காரர்கள் எல்லோரும் இவர் வாசலில்தான் நிற்பார்கள். ஆகவே இத்தகைய ஏற்பாட்டில் முதல் போட்டவர் பெயரில் கடையைப் பதிந்து, உழைப்பவரை லாபத்தில் பங்கு பெறும் நிர்வாகியாகப் பத்திரத்தில் எழுதுவது நியாயத்துக்குக் கிட்டியது. லாபத்தில் பங்கு பெறுவதனாலேயே ஒரு சிப்பந்தி பங்காளி ஆகிவிடமாட்டார் என்று அந்த 1961 ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையவரல்ல, தராசு பிடிக்கிறவர்கள். பத்திரத்தின் வாசகத்தை ஓர் ஆலிமிடமும் ஒரு வக்கீலிடமும் காட்டிக்கொள்வது நல்லது. இருவரில் ஒருவரை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான்.

இனி கம்பெனி. செண்டிரியான் பெர்ஹாட் என்று பலகையில் போடுகிறார்களே, அது. முன்பு 1965 ஆம் வருஷச் சட்டப்படி இரண்டு பேர் வேண்டும். 2016 ஆம் வருஷச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் அமலுக்கு வந்த பிறகு ஒருவரே பங்குதாரராகவும் டைரக்டராகவும் இருந்து கம்பெனி ஆரம்பிக்கலாம். கட்டணம் 1,000 வெள்ளி. 30 நாளைக்குள் தகுதியுள்ள செக்ரட்டரி ஒருவரை வைக்கவேண்டும். வருஷா வருஷம் கணக்கும் அறிக்கையும் கொடுக்கவேண்டும். செலவு அதிகம்தான். நாணய மாற்று வியாபாரம் செய்ய நினைப்பவருக்கு வேறு வழியும் இல்லை. 2011 ஆம் வருஷச் சட்டப்படி பேங்க் நெகாராவின் லைசென்ஸ் கம்பெனிக்குத்தான்.

கம்பெனி என்பது சட்டத்தில் தனி ஆள். அதன் கடன் அதனுடையது. பங்குதாரர் போட்ட முதலோடு அவர் பொறுப்புத் தீர்ந்தது. இந்தக் கொள்கை நிலைபெற்ற கதை லண்டனில் ஒரு பூட்ஸ் வியாபாரியின் கதை. ஸாலமன் என்ற அவர் 1892 இல் தம் கடையை ஒரு கம்பெனியாக்கி அதற்கே விற்றார். சட்டம் கேட்ட ஏழு அங்கத்தினர்கள் அவரும் மனைவியும் ஐந்து மக்களும். விலையில் ஒரு பகுதிக்கு ஈடு வைத்த கடன்பத்திரமும் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷமே கம்பெனி முறிந்தது. ஈட்டுக் கடனுக்கே சொத்துச் சரியாகிவிட, தோல் கொடுத்த வியாபாரிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனியும் ஸாலமனும் ஒன்றுதான் என்று கீழ்க் கோர்ட்டுகள் சொல்லின. 1896 இல் பிரபுக்கள் சபை, இரண்டும் வேறு வேறு ஆள், ஸாலமன் கடனாளியல்லர் என்று தீர்ப்பளித்தது. உலகத்தில் பல நாட்டுக் கம்பெனிச் சட்டங்கள் இன்றும் அந்தத் தீர்ப்பின் மீது நிற்கின்றன. நம் நாட்டினதும் அதிலொன்று.

ஒரு முஃமின் இந்தக் கதையைக் கேட்டதும் மனதில் ஒரு முள் குத்தவேண்டும். கடனோடு மௌத்தானவரின் ஜனாஸாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொல்ல, அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனார் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள் என்பதை நாம் ஓதியிருக்கிறோம். கோர்ட்டு விடுவித்தால் கடன் விட்டதா?

இதை ஆலிம்கள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டு அமைப்பைச் சேர்ந்த ஃபிக்ஹு அகாடமி 1992 இல் ஜித்தாவில் கூடி, பொறுப்பு முதலோடு நின்றுவிடும் கம்பெனி ஷரீஅத்தில் ஆகும் என்று முடிவு செய்தது. காரணம் என்ன சொன்னார்கள்? அந்தக் கம்பெனியுடன் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்களுக்கு அதன் பொறுப்பின் எல்லை முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தே கொடுப்பதால் ஏமாற்று இல்லை என்பதாகும். கராச்சி முஃப்தி தக்கீ உஸ்மானி அவர்கள், எஜமானன் அனுமதியோடு வியாபாரம் செய்த அடிமையின் கடன் பற்றிய பழைய சட்டத்தை இதற்கு உவமையாகக் காட்டி, பெரிய கம்பெனிகளுக்கு இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அன்றாடம் தாங்களே கடையைப் பார்க்கும் சிறு கம்பெனிக்காரர்களுக்கு இந்தச் சலுகை கூடாது, நிர்வாகத்தில் தலையிடாத பங்காளிக்கு வேண்டுமானால் பொருந்தும் என்பது அவர்களின் கருத்து. நம் சமூகத்தின் கம்பெனிகளில் பெரும்பாலானவை காக்கா, தம்பி, மச்சான் கம்பெனிகளே ஆகையால் இந்தக் கருத்தை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது.

நமக்குப் படுவது இது. பலகையிலும் ரசீதிலும் கடிதத்திலும் போடுகிற செண்டிரியான் பெர்ஹாட் என்ற இரண்டு சொற்கள் அழகுக்கல்ல. அவை சரக்குக் கொடுப்பவருக்கு நாம் சொல்கிற அறிவிப்பு. கடன் கேட்கும்போது, "பாய், நான் இருக்கிறேன், என் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லி வாங்கிவிட்டு, கொடுக்கும் நாளில், "அது கம்பெனிக் கடன் பாய்" என்று சொல்பவர் அந்த அறிவிப்பைத் தாமே அழித்துவிட்டார். ஃபிக்ஹு அகாடமி சொன்ன காரணம் அவருக்கு உதவாது. முகத்தைக் காட்டி வாங்கிய கடனை அந்த முகத்துக்குரியவர்தான் கொடுக்கவேண்டும். தேற வழியில்லை என்று தெரிந்துகொண்டே கம்பெனி பெயரில் கடன் வாங்கும் டைரக்டரை இந்நாட்டுச் சட்டமும் விடுவதில்லை. பேங்குகளோ இன்னும் கெட்டிக்காரர்கள். கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போதே டைரக்டரிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கு அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் என்பது பெயருக்குத்தான். படிக்காமல் கையெழுத்திட்டு வீட்டை இழப்பவர்கள் உண்டு.

கூட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் 2012 ஆம் வருஷச் சட்டம் ஒன்று உண்டு. பி.எல்.டி. என்று பெயருக்குப் பின்னால் போடுவார்கள். இரண்டு பேராவது வேண்டும். கட்டணம் 500 வெள்ளி. கூட்டைப்போல் ஒப்பந்தப்படி நடக்கும். கம்பெனியைப்போல் தனி ஆளாக நிற்கும். ஒருவர் மௌத்தானாலும் கலையாது. சாதாரணக் கூட்டோ, ஒப்பந்தத்தில் வேறு ஷரத்து இல்லாவிட்டால், ஒரு பங்காளியின் மௌத்தோடு கலைந்துவிடும். இரண்டு மூன்று சகோதரர்கள் சேர்ந்து செய்யும் நடுத்தர வியாபாரத்துக்கு இந்த பி.எல்.டி. ஏற்றது என்று நாம் நினைக்கிறோம். நம்மவரில் இதை அறிந்தவர் குறைவு.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். தனி ஆள் வியாபாரமும் கூட்டும் குடிமக்களுக்கும் நிரந்தர வாசம் பெற்றவர்களுக்கும் மட்டுமே பதிவாகும். ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர் பணத்தைப் போட, நீலக் கார்டுக்காரர் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுக்கும் ஏற்பாடு நம்மிடையே நடக்கிறது. பெயர் கொடுத்தவர், தம்முடையதல்லாத கடையைத் தம்முடையது என்று சர்க்காருக்குச் சாட்சி சொல்கிறார். பணம் போட்டவர், நாட்டுக்குள் வந்தபோது ஏற்ற நிபந்தனையை மீறுகிறார். உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சொல்லும் ஆயத்து விசாவுக்குப் பொருந்தாது என்று யார் சொன்னது? மார்க்கம் ஒருபக்கம் இருக்க, உலக நஷ்டத்தைப் பாருங்கள். பெயர் கொடுத்தவருக்குத் தெரியாமல் வாங்கிய கடனுக்கு அவர் பதில் சொல்லவேண்டும். பெயர் கொடுத்தவர் ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டால் பணம் போட்டவர் எந்தக் கோர்ட்டில் போய், தாம் விதி மீறியதாகச் சொல்லி வழக்காடுவார்? வெளிநாட்டவர் கம்பெனியில் பங்கு வாங்க வழி உண்டு. சில்லறை, மொத்த வியாபாரத்துக்குத் தனி அனுமதியும் பெரிய முதலும் வேண்டும். அந்த அளவு இல்லாதவர் சிப்பந்தியாகவே இருந்து சேர்ப்பதில் இழிவொன்றுமில்லை.

ஊரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கூட்டு வியாபாரத்துக்கு 1932 ஆம் வருஷச் சட்டம். அங்கே பதிவு கட்டாயமில்லை என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் பதியாத கூட்டு, பாக்கிதார்மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது என்று அதன் 69 ஆவது பிரிவு சொல்கிறது. பங்காளி மீது பங்காளியும் அப்படியே. கட்டாயமில்லை என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

ஜகாத்து விஷயத்திலும் பதிவின் உருவம் கணக்கைத் தெளிவாக்கும். ஷாஃபியீ மத்ஹபில் கலந்துவிட்ட கூட்டு முதலை ஒரே சொத்தாக எண்ணி நிஸாபு பார்ப்பார்கள். ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே பார்ப்பார்கள். யார் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் இல்லாத கடையில் இரண்டு கணக்கும் போட முடியாது.

கடைசியாக, கூட்டிலிருந்து விலகுகிறவர்கள். கணக்கைத் தீர்த்து, கைகொடுத்து, துஆச் செய்து ஊருக்குப் போய்விடுவார்கள்; பதிவில் பெயர் அப்படியே இருக்கும். பழைய சரக்குக்காரர்கள் அவரை இன்னும் பங்காளி என்றே நம்பிக் கடன் கொடுத்தால், விலகியதை அறிவிக்காத வரையில் அவரையும் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மாற்றம் எதுவானாலும் 30 நாளைக்குள் எஸ்.எஸ்.எம்.முக்குத் தெரிவிக்கவேண்டும், சரக்குக் கொடுப்பவர்களுக்கும் கடிதம் எழுதிவிடவேண்டும். இன்றிரவு கடை சாத்தும்போது, சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சீட்டைக் கழற்றி, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். பெயர் இல்லாத பங்காளி யாராவது இருந்தால், அவர் கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிடுங்கள்.

வஸ்ஸலாம்.